தண்ணீர் வாங்க இறங்கியவன்

அன்பு மகளுக்கு,

சர்வேயர் மாமா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைப் படிப்பதற்குள் நீ பதறிவிடுவாய்.

இதைக் கொண்டுவந்து கொடுப்பவர் வாத்தியார். அப்பா எங்கே என்று அவரிடம் கேட்காதே. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தையே மிரட்டிய மனுஷன், நீ கேட்டால் வாசலிலேயே அழுதுவிடுவார். அப்பா வரவில்லை. நானும் அவனோடு இங்கே தங்கிவிட்டேன்.

போன வாரம் நீ போன் செய்தபோது அப்பா குளிக்கிறான் என்றேன். அதற்கு முந்தின முறை தூங்குகிறான் என்றேன். இரண்டும் பொய். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

இந்த வெளிநாட்டுப் பயணத்தில் முதல் பத்து நாள் நன்றாகத்தான் போனது. அறுபதை நெருங்கும் மூன்று பேர் முதுகில் மூட்டையோடு இறங்கினால் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கைதானே. ஓர் அறைக்கு எட்டுக் கட்டில் போட்ட மலிவான விடுதிகளில், இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே படுத்தோம். மேல்கட்டிலில் ஏறமாட்டேன் என்று வாத்தியார் தினமும் சண்டை போட்டார். ரொட்டியும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. துவைத்த பனியனைப் பையில் கட்டித் தொங்கவிட்டு நடந்தே உலர்த்தினோம். உன் அப்பா அதைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தான். உன் அம்மா இறந்த பிறகு இந்த எட்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. கூட்டிக்கொண்டு வந்தது வீண் போகவில்லை என்று நானும் வாத்தியாரும் ரகசியமாகச் சந்தோஷப்பட்டோம்.

பதினோராம் நாள் இந்தச் சின்ன ஊருக்கு வந்தோம். ஒரே தெரு, ஒரு பஸ் நிலையம், இந்த விடுதி. நடத்துகிற அம்மாளுக்கு நம் மொழி தெரியாது, எங்களுக்கு அவள் மொழி தெரியாது. நாங்கள் போன அன்று சமையலறை ஃப்ரிட்ஜ் நின்றுபோய், பாலும் காய்கறியும் கெட்டு அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். உன் அப்பாவைத்தான் தெரியுமே, ஃப்ரிட்ஜ் என்றால் கை சும்மா இருக்காது. ஒரு ஸ்க்ரூடிரைவரை வாங்கிப் பின்பக்கத்தைக் கழற்றி, சாயங்காலத்துக்குள் ஓடவைத்துவிட்டான். மறுநாள் வாஷிங் மெஷின். அதற்கு மறுநாள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தான். நீ வேறு மாதிரி எதுவும் நினைத்துவிடாதே. அந்த அம்மாளுக்குப் புருஷனும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவன் அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கிளம்ப வேண்டிய நாள் காலையில் பஸ்ஸில் எங்கள் மூட்டைகளை அவனே ஏற்றிக் கொடுத்தான். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று இறங்கினான். பஸ் எடுத்துவிட்டது. நாங்கள் கத்தியது டிரைவருக்குப் புரியவில்லை. அடுத்த நிறுத்தம் ஒரு மணி நேரம் தள்ளி. அங்கே இறங்கி, கோழிக் கூண்டு ஏற்றிய ஒரு வண்டியில் கெஞ்சி ஏறித் திரும்பி வந்தால், அவன் மாடியில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தான். ஒளியவுமில்லை, ஓடவுமில்லை. “ஏன்டா திரும்பி வந்தீங்க?” என்றான். நாற்பது வருஷ சிநேகத்தில் முதல் முறையாக அவன் மேல் கை வைத்துவிட்டேன், மகளே. அறைந்தேன். அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. உறையை மாற்றி முடித்தான்.

அப்புறம் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான். “இங்க யாருக்கும் அவளைத் தெரியாதுடா. என்னைப் பாத்தா யாரும் ஐயோ பாவம்னு மூஞ்சிய வச்சுக்கறதில்ல. அங்க வந்தா அந்த பீரோவைத் தெறக்கணும். உள்ள ஒண்ணுமே இருக்காது.”

அம்மாவின் புடவைகளை மறு மாதமே எடுத்துக் கொடுத்துவிட்டாய் அல்லவா. அப்பா பார்த்துப் பார்த்து உருகக்கூடாது என்றுதான் செய்தாய். எனக்குத் தெரியும். உன் அத்தைகூட அதுதான் சரி என்றாள். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை.

இன்னும் ஒன்பது நாளில் எங்கள் விசா முடிகிறது. அதற்குமேல் இருந்தால் பிடித்து உள்ளே வைப்பார்கள். விடுதி அம்மாள் நேற்று தன் போனில் எதையோ பேசி, அது நம் மொழியில் மாற்றித் தந்ததைக் காட்டினாள். ‘இவர் நல்லவர். போலீஸ் வந்தால் என்னால் காப்பாற்ற முடியாது. கூட்டிப் போங்கள்’ என்று இருந்தது. எப்படிக் கூட்டிப்போவது? தூக்கிக்கொண்டா போக முடியும்? கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்து பார்த்தேன். எதிரே தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. அன்று அவன் சொன்னதில் ஒரு வார்த்தையை உனக்கு எழுதாமல் விட்டேன். “எம் பொண்ணு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அவளுக்கு அம்மா அவ்வளவுதான் போல” என்றான்.

நீ எங்கள் வீட்டு அடுக்களையில் உன் அத்தை மடியில் கிடந்து அழுததை நான் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாய். அன்று நீ அழுததை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். விழுங்கிவிட்டேன். சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை.

என் போனில் பணம் தீர்ந்துவிட்டது, விடுதி நம்பரை வாத்தியார் தருவார். உடனே கூப்பிடு. அவன் வேண்டாம் என்றாலும் விடாமல் போனை அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன். வந்துவிடு என்று சொல்லாதே. விசா, போலீஸ் எதையும் பேசாதே. அம்மாவைப் பற்றி ஏதாவது பேசு. அழுகை வந்தால், இந்த ஒரு தடவை மட்டும் அடக்காதே, கண்ணு.

உன் போனுக்காகக் காத்திருக்கும்,
சர்வேயர் மாமா