இடப்பக்கத்துப் பால்

2023 ஜூன் 13, செவ்வாய்

எனக்கென்று தைத்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம், டார்ட் மடிப்புக்குக் கீழே, கைக்குக் கெட்டியாக என்னவோ தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு. வலி இல்லை. ராயபுரத்தில் பாதிப் பெண்களுக்கு நெஞ்சளவு எடுத்தவள் நான். என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து எத்தனை காலம் ஆச்சு?

ஜூன் 28

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண்.

"எத்தனை பிள்ளைங்கம்மா? பால் குடுத்தீங்களா?"

"புள்ள இல்லம்மா" என்றேன். அப்புறம், "பால் குடுத்திருக்கேன்."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். என் வீட்டுக்காரர் சவரிநாதன் மின்விசிறியைப் பார்த்தார்.

எப்படிச் சொல்வது? என் பையன் பிறந்து அழவே இல்லை. அப்படியே போய்விட்டான். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா பிள்ளை பெற்று ஜுரத்தில் கிடந்தாள், அவள் குழந்தை தில்ஷாத் பசியில் வீறிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் என் ஜாக்கெட் நனைந்தது. எழுந்து போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். ஒரு வருஷம் குடித்தாள். வலப்பக்கம் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், திமிர் பிடித்தவள். அவளுக்கு இடதுதான் வேண்டும்.

ஆனால் ஏன் இல்லை என்றேன்? பெற்றேனே.

ஜூலை 6

அதேதான். புற்று. இடது மார்பை முழுசாக எடுத்துவிட வேண்டுமாம். இருபதாம் தேதி. தள்ளிப்போடக் கூடாதாம்.

ஜூலை 9, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது, தண்ணி லாரி வரிசையில் எங்கள் தெரு செல்லம்மா. "புள்ள பெத்து வளக்காத ஒடம்புக்குத்தான் இந்த நோவு வருமாம்க்கா."

"உன் வாய்க்கு ஒரு நோவும் வரமாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் வந்து அழுதேன்.

ஜூலை 12

மத்தியானம் மெஷின் மேலேயே தூங்கிப்போனேன். கடல் வீட்டுக்குள் வந்திருந்தது. வெதுவெதுப்பாக, வெள்ளையாக, கணுக்கால் அளவு. என் பையன் அதில் உட்கார்ந்து பித்தான்களை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தான். "எது என் பக்கம்?" என்று கேட்டான். இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். சிரித்தான். அவனுக்கு எப்போது பல் முளைத்தது? துறைமுகத்தில் கப்பல் ஊதியது, விழித்துக்கொண்டேன். ஜாக்கெட் நனைந்திருந்தது. வேர்வைதான்.

ஜூலை 14

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 15

சவரிநாதன் சாப்பிடவில்லை. "இன்னா டோரதி, என்னை ஒண்டியா வுட்டுட்டுப் பூடலாம்னு பாக்குறியா?" துறைமுகத்தில் கிரேன் ஓட்டின கை சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தது.

பாவம் மனுஷன். ஆனால் நான் தாயாக இருந்ததற்கு இந்த உடம்பில் அது ஒன்றுதான் சாட்சி. அதையும் அறுத்துக் குடுத்துட்டு நான் இன்னாத்த வச்சுகினு வாழ்றது? செத்தா சாகறேன், போ. அவரிடமும் இதையேதான் கத்தினேன்.

ஜூலை 17

விம்கோ நகரில் வாழ்க்கைப்பட்ட தில்ஷாத் வந்து நிற்கிறாள். நான் கத்தினதைச் சுவர் வழியாகக் கேட்டு ரஹீமுன்னிசா போன் பண்ணியிருக்கிறாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டோரதிம்மா, உனுக்கு மூளை கீதா இல்லியா? சாட்சி வோணுமாமே சாட்சி! நான் ஒருத்தி கல்லாட்டம் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"நீ ரஹீமு பொண்ணுடி."

"எங்கள்ல பால் குடுத்தாலும் அம்மாதான். உன் புள்ள உசுரோட இருந்திருந்தா நான் அவனக் கட்டிக்கவே முடியாது, தெரியுமா? மொறை அப்டி. அவன் எனக்கு அண்ணன்."

அண்ணன். அந்தப் பிள்ளைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவனை முறை வைத்துச் சொன்ன முதல் ஆள் இவள். அவளைக் கட்டிக்கொண்டு கதறினேன்.

"குடிச்சதெல்லாம் என் ஒடம்புல கீது" என்றாள் முதுகைத் தடவிக்கொண்டே. "காலி பால் பாக்கெட்ட வச்சுகினு நீ இன்னா பண்ணப்போற?"

வாயாடி. அழுகையோடு சிரித்துத் தொலைத்தேன். சவரிநாதன் ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைக்கிறார்.

ஜூலை 21

எடுத்துவிட்டார்கள். வலி. எல்லாம் தூரத்தில் கேட்கிறது. வார்டு வாசலில் யாரோ, "பேஷன்டுக்கு நீ இன்னா வோணும்?" புர்காவோடு நிற்பவளின் குரல்: "பொண்ணு." என் கழுத்தில் ஜெபமாலை. மறுபடி வெள்ளைத் தண்ணீர், வெதுவெதுப்பு. பையன் இல்லை. பித்தான்கள் மட்டும் மிதந்தன. பயமாக இல்லை.

நவம்பர் 2

முடி கொட்டிவிட்டது. சவரிநாதனுக்கும் எனக்கும் இப்போது ஒரே தலை. இன்று கல்லறைத் திருநாள். தில்ஷாத் ஒரு முழம் சாமந்தி கொடுத்தனுப்பியிருந்தாள், அவள் அண்ணனுக்கு. எந்த இடம் என்று தெரியாமல் மதில் ஓரமாக வைத்துவிட்டு வந்தோம்.

2025 ஆகஸ்ட் 19

என் ஜாக்கெட்டுகளில் இடப்பக்கம் உள்ளே பை வைத்துப் பஞ்சு திணித்துத் தைத்துக்கொள்கிறேன். அளவு சரியாக இருக்கிறது.

இன்று செக்கப். ஒன்றும் இல்லையாம், நன்றாக இருக்கிறேனாம். டாக்டர் புதுசு. அதனால் பழைய கேள்விகளை முதலிலிருந்து கேட்டார்.

"எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ரெண்டு" என்றேன். "பெரியவன் பொறந்தவுடனே தவறிட்டான். சின்னவ வெளிய டோக்கன் குடுக்கிறவர்கிட்ட சண்டை போட்டுகினு கீறா."