அந்தச் சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தம்

மாப்பிள்ளை,

நேற்றுச் சோளக்காட்டுச் சந்தையில் கொஞ்சம் வெல்லம் வாங்கினேன். கடைக்காரன் கிழித்துச் சுற்றிக் கொடுத்த தாள் ஏதோ ஓர் இங்கிலீஷ் சொல் புத்தகத்தின் பக்கம். இடப்பக்கம் சொல், நடுவில் தமிழில் அர்த்தம், வலப்பக்கம் அதை வைத்து ஒரு வாக்கியம். வீட்டுக்கு வந்து, தாளில் ஒட்டியிருந்த வெல்லத்தை ஈரத்துணியால் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் 'எம்' எழுத்துச் சொற்கள். 'ஆர்' எழுத்துப் பக்கம் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பார், அதற்காகவே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீ போய் இந்த ஐப்பசியோடு நாலு வருஷம் ஆகிறது. செத்தவனுக்கு மடல் எழுதுகிறான், கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். நீ இருந்தபோது உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் ஊரில் அப்போது இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்தவன் என்றால் என்ன பெரிய தெரிந்தவன்! அடிவாரத்தில் மூன்றாம் பாரம் வரை படித்து, கணக்கில் தோற்று, மலையேறித் திரும்பி வந்தவன். ஆனால் நம் மலையில் ஆலத்தூர் நாட்டு ஊர்களில் யாருக்குக் காகிதம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் படிப்பேன். பாதி புரியும். மீதியை முகத்தை வைத்துச் சமாளித்துவிடுவேன்.

உனக்கும் எனக்கும் ஒரே வயது. ஒன்றாக மாடு மேய்த்தோம். என் தங்கையை நீ கட்டிக்கொண்ட பிறகு நாலு பேர் முன்னால் 'வாங்க மாப்பிள்ளை' என்பேன். ஆள் நகர்ந்ததும் பழையபடி வாடா போடாதான். நீ பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாய். இங்கிலீஷ் எழுத்துகளை ஒரு மழைக்காலம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாய். அதற்கப்புறம் உன் கண்ணில் இங்கிலீஷில் எழுதிய எதுவும் தப்பவில்லை. மண்ணெண்ணெய்த் தகரம், தீப்பெட்டி, காய்ச்சல் மருந்துப் பொட்டலம் எல்லாவற்றிலிருந்தும் சொல் பொறுக்குவாய். மலையேற முடியாத துரைகளை டோலியில் தூக்கி வரும் நாலு பேரில் நீயும் ஒருவன் அல்லவா? துரையின் டிரங்குப் பெட்டியில் எழுதியிருந்ததைக்கூட நீ விடவில்லை.

காலண்டர் தாள்களின் வெற்றுப் பக்கங்களைத் தைத்து நோட்டு செய்து, மூன்று பத்தியாகக் கோடு போட்டிருந்தாய். சொல், அர்த்தம், பிரயோகம். மூன்றாவது பத்தியில் என்னைக் கைவைக்க விடமாட்டாய். 'அர்த்தம் உன்னுது மச்சான், பிரயோகம் என்னுது' என்பாய். 'ஹெவி' என்ற சொல்லுக்குக் 'கனமான' என்று நான் சொல்ல, நீ எழுதிய வாக்கியம் இது: பலாப்பழம் ஹெவி, துரை அதைவிட ஹெவி. சாமை புடைத்துக்கொண்டிருந்த என் தங்கை முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அவளுக்கு என் படிப்பில் அவ்வளவு பெருமை. என் அண்ணனுக்குத் தெரியாத இங்கிலீஷ் இல்லை என்று தண்ணீர்த்துறையில் சொல்லிக்கொண்டு திரிவாள். நீ ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவள் கையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு முன்னால் 'தெரியாது' என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாத சொல் வந்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லி வைப்பேன். தீப்பெட்டிச் சொல்லுக்குத் தப்பாக அர்த்தம் சொன்னால் யார் குடி முழுகப் போகிறது என்று நினைத்திருந்தேன்.

கொத்துக்காடு விஷயம் உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எழுதுகிறேன், நான் செய்தது என்ன என்று என் கையாலேயே எழுத வேண்டும். ஏர் பூட்ட முடியாத சரிவில், கொத்தாலேயே கொத்திச் சாமை விதைக்கிற காடு. நம் ஊரில் ஏழு குடும்பத்துக்கு அதுதான் சோறு. உனக்கு வேறு வயலே கிடையாது. தாத்தன் பாட்டன் காலத்திலிருந்து கொத்தி வந்தாலும் அதற்கு ஒரு சீட்டு இல்லை. காட்டிலாகா ஆட்கள் எல்லைக் கல் நட வருவார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, எப்படியாவது அதை நம் பேரில் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஏழு வீட்டிலும் ஒரே கவலை.

அந்தச் சமயத்தில்தான் நீ பெரக்கரை நாட்டுக்கு ஒரு காதுகுத்துக்குப் போய் வந்தாய். அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொத்துக்காடு பற்றி வந்த காகிதம் ஒன்று இருந்ததாகவும், அதில் ஒரு சொல் மூன்று இடத்தில் வந்ததாகவும் சொல்லி, கரியால் மூங்கில் பட்டையில் எழுதி வந்ததைக் காட்டினாய். ரெலிங்க்விஷ். நான் அதைக் கேட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை. என் தங்கை முறத்தை நிறுத்தினாள். நீ ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாய்.

'பதிஞ்சுக்கறது. நெலத்தத் தன் பேருல பதிஞ்சுக்கறது' என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்த அர்த்தம்? உன் முகத்திலிருந்துதான். நீ எதைக் கேட்கத் தவித்தாயோ அதையே எடுத்துச் சொன்னேன். நீ அங்கேயே நோட்டைப் பிரித்து எழுதினாய். பிரயோகத்தையும் அப்போதே போட்டாய்: 'ஐ ரெலிங்க்விஷ் மை ஃபீல்டு.' சத்தமாக இரண்டு தரம் படித்தாய். என் தங்கையும் கூடவே சொல்லிப் பார்த்தாள்.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாது.

நாலைந்து நாள் கழித்துக் கடுகு மூட்டையோடு அடிவாரம் இறங்கினேன். மண்டிக்காரர் மேசையில் ஒரு அகராதி கிடந்தது. மனசு உறுத்திக்கொண்டே இருந்ததால் எடுத்துப் புரட்டினேன். நான் சொன்னது ஏறக்குறையவாவது சரியாக இருந்துவிடாதா என்ற நப்பாசை. இருந்தது என்ன தெரியுமா? உரிமையைக் கைவிடுதல், விட்டுக்கொடுத்தல். மண்டிக்காரர் மோர் கொடுத்தார், குடிக்க முடியவில்லை.

மலையேறும்போது, போனதும் முதல் வேலையாக உன்னிடம் சொல்லிவிடுவது என்றுதான் ஏறினேன். சத்தியமாக. ஆனால் நான் வந்த அன்று நீ டோலிக்குப் போயிருந்தாய். சந்தைக்கு வருவாய், அங்கே சொல்லலாம் என்று இருந்தேன். சந்தையில் உன்னோடு நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படி என்று விட்டுவிட்டேன். அடுத்த சந்தைக்கு நீ தனியாகத்தான் வந்தாய். அன்றைக்கு என்ன சாக்கு? நீ சந்தோஷமாக இருந்தாய், அதுதான் சாக்கு. மூன்றாவது சந்தையில், ஒரு சொல்லுக்காக இவ்வளவு அலட்டிக்கொள்வானேன், அந்தக் காகிதம் நம் ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்தால் இரண்டு வார்த்தை. அதற்கு நான் மூன்று சந்தை தள்ளிப்போட்டேன்.

காகிதம் வந்த அன்று நான் ஊரில் இல்லை. செம்மேட்டில் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். அதைக் கொண்டுவந்த காட்டிலாகா கார்டுக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படிக்கிற ஆள் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்றுகூட அவன் சொன்னானாம். ஏழு வீட்டாரும் நான் வரட்டும் என்றார்களாம். நீதான் காகிதத்தை வாங்கி விரலை ஓட்டிப் பார்த்து, அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து, 'இது நம்ம பேருல பதியற காயிதந்தானுங்க, எனக்குத் தெரியும்' என்று சொல்லி முதல் கையெழுத்தைப் போட்டாய். அதுவும் இங்கிலீஷில். ஒரு மழைக்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற எழுத்தில். மற்ற ஆறு பேரும் உன் கையெழுத்துக்குக் கீழே ரேகை வைத்தார்கள்.

முதல் மழைக்குக் கொத்தோடு போனபோது கல் நட்டிருந்தது. உள்ளே போகக் கூடாது என்று விரட்டினார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் காகிதத்தின் நகலைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். அந்தச் சொல் வந்த இடத்தில் சரியான அர்த்தத்தைத் தங்குதடையில்லாமல் சொன்னேன். கூட்டம் ஓவென்று அழுதது. நான் சொன்னதைக் கேட்டு என் தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உன்னை நான் பார்க்கவில்லை.

பஞ்சாயத்துக்கு நாட்டார் கூடினார்கள். பெரியதனக்காரர் உன்னை நடுவில் நிறுத்திக் கேட்டார்.

'இந்த அர்த்தத்த உனக்கு ஆரு சாமி சொன்னது?'

நீ ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினாய். 'ஆருஞ் சொல்லலீங்க. நானாத்தான் எழுதிக்கிட்டேன்' என்றாய். பெண்கள் பக்கம் என் தங்கை எழுந்தாள். நீ கையைக் காட்டி உட்கார வைத்தாய். நான் எழவில்லை. பத்தடி தூரத்தில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்குக் கேடு செய்தவனுக்கு நம் நாட்டில் உள்ள வழக்கப்படி உன் தலையில் மண்கூடையை வைத்தார்கள். அந்த ஆறு வீட்டு வாசலிலும் கூடையோடு போய் நின்று, இறக்கி வைத்து, விழுந்து கும்பிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு நடந்தாய். டோலி தூக்கிய தோள் உனக்கு. ஆனால் நாலாவது வாசலில் கும்பிட விழுந்தவனால் எழ முடியவில்லை. ஒரு கிழவர் உன்னைத் தூக்கிவிட்டார். நான் செய்ய வேண்டிய வேலை அது.

எல்லாம் முடிந்து நாம் இரண்டு பேரும் ஓடைக்கு நடந்தோம். உன் முடியெல்லாம் மண். ஏண்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன், பெரிய யோக்கியன் போல. நீ குனிந்து தலையைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: 'உன் பேச்சயும் நம்பாமப் போயிட்டா நாளைக்கு ஊருக்குக் காயிதம் படிக்க ஆரு இருக்கா மச்சான்? எனக்கென்ன, நா தூக்கிப் பொழைக்கறவன்.' பிறகு இடுப்பிலிருந்து நோட்டை எடுத்து நடுப்பத்தியை அடித்துவிட்டுச் சரியான அர்த்தத்தைச் சொல்லச் சொன்னாய். சொன்னேன். எழுதிவிட்டு மூன்றாவது பத்தியைப் பார்த்துச் சிரித்தாய். பிரயோகம் மட்டும் சரியாகத்தான் இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்றாய். எப்படித்தான் சிரித்தாயோ!

அந்த வருஷமே நீ எஸ்டேட் வேலைக்குப் போனாய். ஐப்பசிக் காய்ச்சலில் அங்கிருந்து உன்னை டோலியில் தூக்கி வந்தார்கள்.

நீ சொன்னபடியே ஊர் இன்றைக்கும் என்னிடம்தான் காகிதம் கொண்டு வருகிறது. இப்போதெல்லாம் தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். எவ்வளவு அடக்கமான மனுஷன் என்கிறார்கள். என் தங்கை எனக்குச் சோறு போடுகிறாள், அண்ணா என்று கூப்பிடுகிறாள். தப்பான அர்த்தம் சொன்னவன் நான் என்று அவளுக்குத் தெரியும். நான் முன்னமே அகராதி பார்த்தது அவளுக்கும் தெரியாது.

ஓடையில் கடைசியாக நீ ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டாய். 'இதுக்கு நெசமான அர்த்தம் உனக்கு எப்பத் தெரிஞ்சுது மச்சான்?'

'கூட்டத்துல அந்தக் காயிதத்தப் பாத்தப்பத்தான்' என்றேன்.

'அதானே பாத்தேன்' என்றாய். உன் முகம் தெளிந்துவிட்டது. மண்ணைச் சுமந்த வலியெல்லாம் அந்த ஒரு பதிலில் உனக்கு இறங்கிவிட்டதுபோல, என் தோளில் கை போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்து வந்தாய்.