ஜப்பான் சிலிப்பர்

ஆகஸ்ட் 25, 2024, ஞாயிறு

பூசை முடிந்து கிளென் செண்டாயானிலிருந்து நேராக வந்தான். கையில் ஒரு பெட்டி. ஹீட்டராம். டேங்கியே கிடையாது, குழாயைத் திறந்ததும் தண்ணி சூடாகி வருமாம். "அம்மாவுக்கு அடுப்புல காய்ச்சி வாளியில தூக்குனது போதும்பா."

கொரெட்டிக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாசம். இடது பக்கம் விளங்கவில்லை. பச்சைத் தண்ணி பட்டால் கை இறுகிக்கொள்கிறது. நான்தான் குளிப்பாட்டுகிறேன். பாத்ரூமுக்குப் போக ஜப்பான் சிலிப்பர், அந்த ரப்பர் செருப்புதான், வேண்டும் என்பாள். இடது காலில் நிற்காது, ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிவிட வேண்டும். அப்படி ஒரு பிடிவாதம்.

நானே மாட்டுகிறேன் என்றேன். தோட்டத்து மில்லில் முப்பத்தொரு வருசம் இஞ்சின் பார்த்தவன், எனக்கா தெரியாது? "வேணாம்பா, ராசா டவுனுல லைசென்ஸ் உள்ள ஆளுகிட்ட சொல்லிட்டேன்" என்றான். வந்துட்டாரு பெரிய மனுசன். டியூப் லைட் மாற்றவே இவனுக்கு ஆள் வேணும்.

ஆகஸ்ட் 28, புதன்

வந்தது ஒரு பெண். லோகேஸ்வரி என்று பேர். முப்பது வயசு இருக்கும். மெயின் சுவிட்ச் மூடியைக் கழற்றினாள், பார்த்தாள், திரும்ப மூடிவிட்டாள்.

"ஹீட்டர் மாட்ட முடியாது அங்கிள்."

கரண்டு கசிந்தால் தானாக விழவேண்டிய சுவிட்ச் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டு வயரை நேராக இழுத்திருக்கிறார்களாம். வெளியே எர்த் கம்பியும் துருப்பிடித்து அறுந்துபோய்க் கிடக்கிறதாம். "இதுல ஹீட்டர் போட்டா ஆளக் கொன்னுரும் லா." டெஸ்ட் பென்னை பாத்ரூம் வாசலில் இருக்கிற வாஷிங் மெஷின் மேல் வைத்தாள். எரிந்தது. உடனே மெஷின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள்.

"யாரு அங்கிள் இப்படி டைரக்டா குடுத்தது?"

"வீரமுத்து. தோட்டத்து எலக்ட்ரிசியன். செத்துட்டான்" என்றேன்.

கொரெட்டி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள்.

ஆகஸ்ட் 29

நான்தான் செஞ்சேன். இங்கயாவது எழுதி வைக்கிறேன்.

ஏழு வருசத்துக்கு முன்ன அன்னம்மாள் திருவிழாவுக்கு புக்கிட் மெர்தாஜாம் போயிருந்தோம். இடி இடிச்சு சுவிட்ச் விழுந்து, ஃபிரிட்ஜுல வச்சிருந்த காட்டுப்பன்னி எறைச்சி மூணு நாள் கெடந்து நாறிப்போச்சு. மழைக்கு மழை இதே ரோதனை. வந்த கோவத்துல அன்னைக்கே வயர மாத்திட்டேன். அரை மணி நேர வேலை. இனிமே விழாது பாருடின்னு பெருமை வேற.

அதுக்கப்புறம்தான் அவ சொல்ல ஆரம்பிச்சா. "தொட்டா மெஷினு கடிக்குதுங்க." நான் என்ன சொன்னேன்? ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கடின்னேன்.

ஒரு பாத்திரம் கறிக்காக ஏழு வருசம் அவள அந்த ஈரத்தரையில நிறுத்தி வச்சிருக்கேன். நானெல்லாம் மனுசனா?

செப்டம்பர் 2, திங்கள்

வீடு கம்பெனியுடையது. வயரிங்கைத் தொட மெனேஜர் கையெழுத்து வேண்டும். ஆபீசிலும் வீரமுத்து என்றுதான் சொன்னேன். ஃபைல் பார்க்கும் கிராணி குமுதவல்லி சொன்னது: "செத்தவரு செஞ்சாருன்னா விசாரணை வைக்கணும் ஐயா. மேல எழுதி பதில் வர ரெண்டு மூணு மாசம் ஆவும். செஞ்சவங்களே எழுதிக் குடுத்தா சீக்கிரம் முடிஞ்சிரும்."

பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் காலி பண்ணச் சொல்லிவிட்டால்? வேலை முடிந்தவனுக்கு இரக்கப்பட்டு விட்டுவைத்த வீடு. இவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்?

பேனாவை எடுக்காமலே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 5

தண்ணி காய்ச்சினேன். தூக்கினேன். தோள் விட்டுப் போகிறது. அந்தப் பெட்டி மூலையில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். பூசைக்கு நேரமாச்சுன்னு அவசரம். பச்சைத் தண்ணி வெளாவுறதுக்கு முன்னாடியே வாளி கைய விட்டு நழுவி, வென்னீர் கொட்டிருச்சு. அவ மூஞ்சி மாறவே இல்ல. பட்டிருக்காதுன்னு நெனச்சேன். கோயில்லேர்ந்து வந்து இடது கால் சாக்ஸக் கழட்டுறேன் – தோலு அதோடயே வருது. ஐயோ ஆண்டவரே.

"வலிக்கலீங்க" என்கிறாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள்!

சுவா கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கழித்து, குழறிக் குழறி ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க சொன்னது வீரமுத்தண்ணன் பொண்டாட்டி காதுக்குப் போனா என்னங்க நெனப்பாங்க?"

செப்டம்பர் 9, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். "ஆம்புரோஸ் ஆகிய நான்தான் வயரை மாற்றினேன். வீரமுத்துவுக்கு இதில் சம்பந்தமில்லை." குமுதவல்லி வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமல் ஃபைலில் வைத்தாள்.

கிளெனுக்கும் போனில் சொன்னேன். "லீவுக்கு வந்தப்பல்லாம் எம்புள்ள அந்தத் தரையிலதானப்பா தவழ்ந்துச்சு" என்றான். வைத்துவிட்டான்.

செப்டம்பர் 13

ஆபீசிலிருந்து பதில் இல்லை. கிளெனும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 18, புதன்

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வயரிங்கைச் சரிசெய்யலாம். வீட்டில் ஒரு வருசம் இருக்கலாம், பிறகு யோசித்துச் சொல்வார்களாம். ஒரு வருசம்.

செப்டம்பர் 21, சனி

லோகேஸ்வரி காலையிலேயே வந்து எர்த் கம்பியை மண்ணில் அடித்து இறக்கினாள். புது சுவிட்ச், ஹீட்டருக்கென்று தனியாகத் தடித்த வயர், அதை அணைக்கிற சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே. கடைசியில் ஒரு பட்டனை அமுக்கினாள். டப்பென்று விழுந்தது. "மாசம் ஒருதரம் இத அமுக்கிப் பாருங்க. விழலன்னா என்னைக் கூப்பிடுங்க. நீங்க தொறக்காதீங்க."

நான்தான் செய்தேன் என்று சொன்னேன். "தெரியும் அங்கிள்" என்றாள். "ஆன்ட்டிக்கு இடது பக்கம் சூடு தெரியாது. தண்ணிய மொதல்ல உங்க கையில புடிச்சுப் பாருங்க."

சரிம்மா என்றேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

தண்ணி இதமாக வந்தது. கூப்பிட்டேன். கொரெட்டி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சிலிப்பர்."

"இனிமே வேணாம் கொரெட்டி. எல்லாம் சரி பண்ணியாச்சு."

"அன்னைக்கு வயர மாத்துனப்பவும் அப்பிடித்தான் சொன்னீங்க."

கைலியோடு, வெறுங்காலோடு தண்ணிக்கடியில் நான் போய் நின்றேன். குழாயைத் தொட்டேன், சுவரைத் தொட்டேன், ஹீட்டரைத் தொட்டேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையை நீட்டி விரல் நுனியில் தண்ணியைத் தொட்டாள். இன்னொரு தரம் தொட்டாள்.

அப்புறமும், "சிலிப்பர்" என்றாள்.

கொண்டுவந்தேன். புண் படாமல் பார்த்து, இடது காலுக்கு ரப்பர் பேண்டை மாட்டிவிட்டேன்.