இரண்டு நொடியில் ஒரு நட்டு

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், அவளுடைய இருமல்கூட இந்த வாரம் வழிக்கு வந்துவிட்டது, அங்கே நீ உடம்பாலும் மனசாலும் தெம்பாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். மூன்று வாரமாக உன் குரல் கேட்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் "வேலைய விட்டுட்டு வந்துடறேன்" என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறாய். அதைப் படித்ததும் அவள் உன் மெத்தைக்கு உறை மாற்றிவிட்டாள், நான் பணிமனையில் ஒரே பஸ்ஸின் பிரேக்கை இரண்டு தடவை பிரித்து மாட்டினேன், டிரைவர் சத்தம் போட்டார்.

அந்தப் பந்தயத்தை நாங்களும் பார்த்தோம். முதலாவதாக ஓடிக்கொண்டிருந்த உங்கள் கார் சக்கரம் மாற்ற நீங்கள் நிற்கிற இடத்துக்கு உள்ளே வந்தது, நாலு சக்கரத்தையும் மாற்றினீர்கள், கிளம்பியது, முன் வலது சக்கரம் ஆடியது, கார் நின்றுவிட்டது. எங்களுக்குப் புரிந்தது அவ்வளவுதான். மறுநாள் பேப்பரில் அந்தச் சக்கரத்தை மாட்டிய பெண்ணின் தவறு என்று போட்டிருந்தான். எதிர்வீட்டுத் தையல்காரர் அதை என் கண்ணில் படாமல் மடித்து வைத்துக்கொண்டார், நல்ல மனுஷன், நான்தான் கேட்டு வாங்கிப் படித்தேன். பிறகு அந்தக் காட்சியைப் போனில் மெதுவாக ஓடவிட்டுப் பதினோரு தடவை பார்த்தேன். கார் ஒரு அடி நகர்வதற்குள், நிறுத்தச் சொல்லி நீ இரண்டு கையையும் தூக்கிவிட்டாய் அம்மாடி. அப்போது வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ தூக்கியதால்தான் நாற்பது அடியில் நின்றது, இல்லாவிட்டால் அந்தச் சக்கரம் கழன்று யார் மேல் போய் விழுந்திருக்குமோ. இதைப் பேப்பர்காரன் எழுதவில்லை.

சின்ன வயதில் "மொத பந்தயம் எப்படிப்பா நடந்துச்சு" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுப்பாய். 1906-ல் பிரான்சில் முதல் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் இரண்டு நாள் நடந்தது, வெயிலில் தார் இளகி ஓட்டுகிறவர்களின் கண்ணில் தெறித்தது, பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்து போனான், டயர் போனால் அந்த இருவரே கத்தியால் அறுத்தெறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டும், அதற்கே கால் மணி நேரம். பயப்படவும் மறுபடி தொட்டுப் பார்க்கவும் அவர்களுக்கு நேரம் இருந்தது. உனக்கு இருப்பது இரண்டு நொடி. கார் உள்ளே வரும்போது தரையின் அதிர்வு நெஞ்சுக்கூடு வரைக்கும் ஏறும், அந்த ஒரு கணத்துக்காக எதையும் விடலாம் என்று போன வருஷம் நீதான் எழுதினாய்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்து நாலு வயதில் நான் பந்தயக் கார் மெக்கானிக்காக இருந்தது உனக்குத் தெரியும். ஒரு நாள் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம். கார்கள் வரிசையில் நின்று உறுமுகின்றன, கொடி விழ ஒரு நிமிஷம்கூட இல்லை, பிரேக் குழாயின் நட்டை முடுக்கினேனா இல்லையா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்றேன். காரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தால் நட்டு கச்சிதமாக இறுகியிருந்தது. பந்தயம் வீணாகப் போயிற்று. முதலாளி எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசினார். ஓட்டுநர் மட்டும், "டவுட்டு வந்ததும் சொன்னியே, நாளைக்கும் உன்ன நம்பித்தான் உக்காருவேன்" என்றார். திரும்ப வேலைக்கு வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். வெட்கத்தில் நான் போகவில்லை. பஸ் பணிமனையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அன்று போகாதது தப்பு என்று இப்போதும் உறுத்துகிறது.

இதை எழுதும்போதே அம்மா பின்னாலிருந்து படித்துவிட்டாள். கல்யாணத்துக்காக அந்த வேலையை விட்டதாக அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். "முப்பது வருஷமா பழிய என் தலைல போட்டு வெச்சிருக்கீங்க" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் போய்ச் சமாதானம் செய்ய வேண்டும்.

வருவதானால் வா, யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். வெட்கப்பட்டு மட்டும் வராதே. இன்னும் ஒரே ஒரு பந்தயத்துக்கு அந்தச் சக்கரத்துக்கு முன்னால் போய் மண்டியிடு, அதற்குப் பிறகும் வேண்டாமென்று தோன்றினால் ஒரு வரி எழுது, நானே வந்து உன் பெட்டியைத் தூக்கிக்கொள்கிறேன். மணிக்கட்டு வலிக்கு மருந்து போட மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய், என்னோடு பேசத் தோன்றாவிட்டால் பரவாயில்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன் கை தவறாமல் இருக்கவும், தவறினால் முதலில் உயர்வது உன் கையாகவே இருக்கவும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா