யானைக்கு எத்தனை கால்?

செட்டிகுளம்
14.08.2024

அன்புள்ள மச்சானுக்கு மஸீனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் நஃப்லாவும் சுகம். போனில் நான் ஒரு வசனத்தை முடிக்க நீங்கள் விடுவதில்லை. அதனால்தான் கொழும்புக் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

முன்பள்ளியில் பிள்ளைகளைக் கதை சொல்லச் சொன்னார்கள். உங்கள் மகள் எழும்பி நின்று, "மஞ்சள். ஆறு. வாழைப்பழம்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டாள். ரீச்சர் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்: வெள்ளிக்கிழமை நீங்கள் போனில் கேட்டது இருபத்து மூன்று கேள்வி. என்ன நிறம், எத்தனை, எத்தனை. பிள்ளை சொன்னது இருபத்து மூன்று சொல். மகளோடு கதைக்கிறீர்களா, கடையில் சரக்குச் சரிபார்க்கிறீர்களா?

நான் "பிறகு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அதுகூட உங்களுக்கு வராது.

துஆவுடன்,
மஸீனா

கொழும்பு
21.08.2024

மஸீனாவுக்கு, ஸலாம்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நூலகப் புத்தகம் இரண்டைப் புரட்டிவிட்டு எனக்குப் படிப்பிக்கிறாய். பிறகு, பிறகு என்று கேட்டால் பிள்ளை அலட்டத்தான் பழகும். ஜனவரியில் புத்தளத்தில் என் கூடப்பிறந்த ராத்தா வீட்டில் அவளை விடப்போகிறேன். அங்கே இங்கிலீஷ் நேர்சரி இருக்கிறது. வேண்டாம் என்றால், அவள் சொன்ன ஒரு முழுக் கதையை எழுதி அனுப்பு, பார்ப்போம்.

றிஃபாத்

செட்டிகுளம்
02.09.2024

மச்சானுக்கு, ஸலாம். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு சொல்லும் என்னுடையதில்லை:

"யானை வந்து எங்கட வாழையைத் திண்டிச்சு. உம்மா தகரம் அடிச்சா. யானைக்குக் கோவம் வரேல்ல, வெக்கம் வந்திட்டுது. பிறகு அது தன்ர உம்மாட்டப் போய், 'பசியிலதான் திண்டனான், ஏசாதீங்கோ' எண்டு சொல்லிச்சு. உம்மா ஏசேல்ல."

வாப்பா என்ன சொல்லுவார் என்று தினமும் கேட்கிறாள்.

மஸீனா

கொழும்பு
09.09.2024

யானை வெட்கப்படுமா? நல்ல பொய் பழக்கியிருக்கிறாய். யானைக்கு எத்தனை கால் என்று கேட்டாயா? ஜனவரியில் பிள்ளையை ஆயத்தமாக வை.

றிஃபாத்

செட்டிகுளம்
15.09.2024

ஸலாம்.

உங்கள் கடிதம் வந்ததும் நஃப்லா என் மடியில் ஏறி இருந்தாள்.

"வாப்பா பிறகு என்ன கேட்டவர்?"

"யானைக்கு எத்தனை கால் எண்டு."

"நாலு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். யானைக் கதையை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. மூன்று நாளாகிறது.

கேட்டதற்கு விடை: நாலு. பிள்ளை புத்தளத்துக்குப் போகாது.

மஸீனா