கடைசி வளைவில் பிரேக் பிடித்தேன், மச்சாள்

என் ஆசை மச்சாள்,

நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. பிராண்டே ஊரில் இன்றைக்கும் மழை. தொழிற்சாலையில் காற்றாலை இறக்கைகளுக்கு நாள் முழுவதும் கண்ணாடி நார்த் துணி விரித்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். தோள் இரண்டும் விண்விண்ணென்று வலிக்கின்றன. ஞாயிறு பின்னேரங்களில் நீங்கள் கோல்டிங்கில், நான் இங்கே, காதில் ஹெட்செற்றோடு கேம் விளையாடினோமே, அந்தச் சோபாவில்தான் இருக்கிறேன்.

ஐம்பதை நெருங்கும் இரண்டு பெண்கள், பிள்ளைகள் விட்டுப்போன கேம் பெட்டிகளில் விளையாடினால் சனம் சிரிக்காதா? சிரித்தது. உங்கள் கணவர், என் அண்ணையே சிரித்தார்.

எந்தக் கேமைப் பற்றியும் மனதில் பட்டதை உங்களிடம் அப்படியே சொல்வேன். இப்போது கேட்க ஆளில்லை. நீங்கள் உருகி விளையாடிய தோட்டக் கேம் எனக்குப் பிடிக்கவே இல்லை. எட்டு மணிநேரம் வேலை செய்தவள் வீட்டுக்கு வந்து கோவாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றவா? வாளோடு அலைகிற கேமில் எல்லாரும் அளவுக்கு மிஞ்சிக் கதைக்கிறார்கள். புதிதாக வருகிறவை இன்னும் மோசம். தினமும் போய்த் தலைகாட்டாவிட்டால் பரிசு இல்லையாம். அங்கேயும் ஷிப்ட் வேலையா?

சண்டைக் கேமில் நான் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். நீங்கள் கண் இமைக்காமல் முன்னே போவீர்கள்.

"உங்களுக்குப் பயமில்லையோ மச்சாள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்ப ஊரிலை சண்டை நடக்கேக்கை பங்கருக்குள்ளை இருந்து சத்தம் மட்டும்தான் கேட்டனான். இதிலை ஆர் சுடுறான் எண்டாவது தெரியுது."

அதற்குப் பிறகும் அந்தக் கேம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் வந்தேன்.

கார்ப் பந்தயம் மட்டும் இருவருக்கும் உயிர். அதில் உங்களை வெல்வது எனக்கு வருடத்தில் இரண்டு மூன்று தரம்தான் வாய்த்தது. வென்றால் அந்தக் கிழமை முழுவதும் சொல்லிக்காட்டுவேன்.

புற்றுநோய் வருத்தத்துக்கு மூன்றாவது தரம் மருந்து ஏற்றிய பிறகு, "விரல் மரத்துப் போச்சு. எண்டாலும் வாரும்" என்று கூப்பிட்டீர்கள். உங்கள் கார் இரண்டு தரம் பாதையை விட்டுப் போனது. கடைசி வளைவில் நான்தான் முன்னுக்கு நின்றேன். பிரேக் பிடித்தேன். நீங்கள் என்னைக் கடந்து போனீர்கள்.

"விட்டுத் தந்தனீரோ?"

"இல்லை மச்சாள். வழுக்கிப்போட்டுது."

"சரி. களைக்குது, வைக்கிறன்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்னை ஓடக் கூப்பிடவே இல்லை. வருத்தம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு அண்ணை தொலைபேசி எடுத்தார். "வந்து இந்தக் கேம் பெட்டியைக் கொண்டு போ. எனக்குப் பாக்க ஏலாமல் கிடக்கு." காரில் கோல்டிங் போனேன். வயர்களைக் கழற்றும்போது, இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த அந்தப் பிரேக் கதையை அவரிடம் சொன்னேன்.

"அவவுக்குத் தெரியும்" என்றார். "அண்டைக்கு அவ சாப்பிடேல்லை. 'உங்கட தங்கச்சியும் என்னை வருத்தக்காரியாக்கிப் போட்டாள்' எண்டு சொன்னவ."

உங்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "முகம் தெளிஞ்சிட்டுது, சுகம் வந்திடும்" என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது! நான் செய்தது மட்டும் என்ன? ஏன் என்னை ஏசாமல் விட்டீர்கள்? அன்றைக்கு நான் வென்றிருந்தால் அடுத்த ஞாயிறும் கூப்பிட்டிருப்பீர்களா?

அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதைத் திரும்பக் கொழுவு. எப்பிடி ஓடுறதெண்டு எனக்கும் காட்டு" என்றார்.

முதலில் சுவரில் மோதினார். பிறகு பின்பக்கமாக ஓடினார். நான் இரண்டு சுற்று முன்னால் போய்விட்டேன்.

"கொஞ்சம் பொறன் பிள்ளை!"

"ஏலாது அண்ணை" என்றேன். அழுதுகொண்டே ஓடி முடித்தேன். பெட்டி அங்கேயே இருக்கிறது.

மச்சாள், எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஞாயிறுகளில் அண்ணையிடம் போவேன். அவராக என்னை முந்தும் நாள்வரை, நான் பிரேக் பிடித்து விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்களிடம் ஒரே ஒரு பொய் சொன்ன,
உங்கள் சின்ன மச்சாள்
வதனி