சீட்டுக்கு அடியில் வைத்த சுவிட்ச்

இயேசு மரி சூசை துணை

வண்டன்மேடு,
23-11-2025, ஞாயிறு.

அன்பு மகன் ஜிபினுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. நலமாக ஒருவரும் இல்லை. நீயாவது சார்ஜாவில் உடம்புக்கு ஒரு கேடும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார் என்று நினைப்பாய். பதினாறு நாளாக நீ போனை எடுக்கவில்லை. நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நீ கேட்பதும் இல்லை. கேட்டாலும் இதை என்னால் வாயால் சொல்ல முடியாது. இரண்டு தடவை பேசிப் பதிவு செய்தேன், இரண்டையும் நானே அழித்துவிட்டேன். எழுத்து என்றால் அடித்துத் திருத்தியாவது முடித்துவிடலாம்.

வியாழக்கிழமை உன் ரூமில் இருக்கும் இக்பால் கூப்பிட்டான். அவனுக்கு என் நம்பர் எப்படிக் கிடைத்ததோ தெரியாது. "அப்பா, ஜிபினு வேலைக்கே போறதில்லீங்க, சோத்த வெச்சா வெச்சபடியே கெடக்குதுங்க, எந்நேரமும் மொட்ட மாடியிலயே போய் நிக்கிறானுங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க" என்று சொன்னான். என்னடா ஆச்சு என்று அவன் கேட்டதற்கு, நான் அனுப்பின லைட்தான் என் அண்ணனைக் கொன்றுவிட்டது என்று நீ சொன்னாயாம். அன்று இரவு முழுக்க நான் கண்ணை மூடவில்லை.

இக்பாலின் தாய்மாமா சைனுதீன், கொழிஞ்சாம்பாறையில் அரிசிக் கடை வைத்திருப்பவர், புதன்கிழமை கோயம்புத்தூரிலிருந்து சார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறார். செவ்வாய்க்கிழமை நான் பஸ் ஏறிப் பாலக்காட்டுப் பக்கம் போய் இதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வருவேன். தபாலை நம்பிக் காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை.

நீ அனுப்பின லைட்டின் மேல் குற்றம் இல்லை. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். பாதியில் கிழித்துப் போடாதே.

நீ எதற்காக ஜீப் கூரையில் வைக்கும் அந்த நீளப் பார் லைட்டை அனுப்பினாய் என்பது எனக்கு மறக்கவில்லை. விடியுமுன்னே ஏலக்காட்டுக்குப் பெண்களை ஏற்றிப்போகிறவன் உன் அண்ணன் வினோ. ஜீப்பின் ஹெட்லைட்டைவிட மின்மினிப்பூச்சிக்கு வெளிச்சம் அதிகம் என்று அவனே உன்னிடம் அழுதான். நீயும் கார் சாமான் கடையில் நிற்கிறவன், நல்லதாகப் பார்த்து ஆள் கையில் கொடுத்து அனுப்பினாய். அக்டோபரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து ஷெட்டில் நான்தான் பொருத்தினேன். கூரைக் கேரியரில் துளை போட்டு, ரிலே வைத்து, ஃபியூஸ் வைத்து, கண்ணாடிச் சட்டத்துக்கு உள்ளேயே ஒயரை இறக்கினேன். ஓர் இடத்திலும் ஒயர் வெளியே தெரியாது. அதில் எனக்கு ஒரு திமிர். சாயங்காலம் நீ வீடியோவில் பார்த்தாயே, எதிர் மலைவரை வெளிச்சம் அடித்தது. காட்டுக்கே கலியாணம் மாதிரி இருக்கு என்று உன் அம்மா சிரித்தாள்.

அந்த வீடியோவில் நீ பார்க்காத ஒன்று உண்டு. அதுதான் சுவிட்ச்.

கூரை லைட் வைத்த ஜீப்புக்காரன் எவனும் இந்தப் பக்கத்தில் சுவிட்சைக் கண்ணில் படும் இடத்தில் வைப்பதில்லை. பகலில் லைட்டுக்கு மேலே கறுப்பு உறை மாட்டியிருக்கும். இந்த மாதிரி லைட்டுக்கு அபராதம் போடும் செக்கிங்குக்காரர்கள் நிறுத்தினால், சும்மா அழகுக்கு வைத்தது, கனெக்‌ஷனே கிடையாது சாரே என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். அதற்காகவே சுவிட்சை டிரைவர் சீட்டுக்கு அடியில், சாமான் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைப்போம். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஊரில் பாதி ஜீப்புக்குச் செய்து கொடுத்தவன் உன் அப்பன்தான்.

வினோ அன்றைக்கே வேண்டாம் என்றான். "அப்பா, சுவிட்ச ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல வைங்க, கைக்கு எட்டணும்ல" என்றான். கைக்கு எட்டுகிற இடம் செக்கிங்குக்காரன் கண்ணுக்கும் எட்டும் என்றேன். அவன் மறுபடியும், எதிரே வண்டி வந்தால் குனிந்துதானே அணைக்கணும் என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீ பிறக்குமுன்னே வண்டி ஒயரிங் பார்க்கிறவனுக்கு நீ பாடம் எடுக்கிறாயா என்று நாலு பேருக்கு முன்னால் கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். அவனைப் பற்றி உனக்குத் தெரியுமே, என்னிடம் ஒரு நாளும் எதிர்த்து நின்றதில்லை.

அக்டோபர் கடைசியில் அவன் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்து இன்னொரு தடவை கேட்டான். மூடுபனியில் அந்த லைட் வெள்ளைச் சுவர் மாதிரி திருப்பி அடிக்கிறதாம், பனி வந்தால் அணைக்கணும், போனால் போடணும், குனிந்து குனிந்து இடுப்பு போச்சு என்றான். நான் ஒரு டிராக்டரின் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றேன். அந்த ஞாயிறு, கல்லறைத் திருநாள் என்று நானே மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, அவன் போய்விட்டான்.

அடக்கத்துக்கு உனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நீ ஆளுக்கு ஒரு விதமாகத்தான் கேட்டிருப்பாய். பனியில் லைட் திருப்பி அடித்து வழி தெரியாமல் போய்விட்டான் என்றுதான் ஊரில் பேச்சு. உன் அம்மாவும் அதைத்தான் நம்பினாள். ஆனால் அன்று வண்டி கவிழ்ந்த அந்த வளைவில் பனியே இல்லை. எதிரே வந்தது போடிக்காரர் பூபதிராஜாவின் ஜீப், அவரும் ஆள் ஏற்றிக்கொண்டு வந்தவர்தான். அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "லைட்டு மூஞ்சியில அடிச்சது, எனக்கு ரோடு தெரியல, ரெண்டு தடவ டிம்மு போட்டுக் காட்டுனேன். தம்பி உடனே அணச்சிட்டாப்ல. அணஞ்ச அதே நேரம் வண்டி ரோட்ட விட்டு வெளிய போயிருச்சு" என்றார். எனக்கு அப்போதே சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் நினைவுக்கு வந்தது. மேற்கொண்டு நினைக்காமல் அதைத் தள்ளிவிட்டேன்.

மறுநாள் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வண்டியில் இருந்த ஏழு பெண்களும் அங்கேதான். ஐந்து பேர் இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்கள், இரண்டு பேர் இன்னும் வரவில்லை. ஒருத்திக்கு இனிமேல் நடக்க வருமா என்று தெரியாது. முன்சீட்டில் இருந்த சிரோன்மணிக்குக் காரை எலும்பு உடைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அண்ணே, வினோ தம்பி கீழ குனிஞ்சு சீட்டுக்கடியில எதையோ தேடுச்சே, என்னத்தண்ணே தேடுச்சு?" என்று கேட்டாள். தெரியவில்லை தாயி என்று சொன்னேன். கட்டிலில் கட்டுப்போட்டுக் கிடக்கிற பெண்ணிடம் சொன்ன பொய் அது.

மகனே, உன் அண்ணன் தூங்கி விழவில்லை, வேகமாகப் போகவில்லை, வழி தெரியாமலும் போகவில்லை. எதிரே வருகிறவன் கண் கூசக்கூடாது என்று ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நல்ல டிரைவர் செய்யவேண்டியதைச் செய்தான். அதைச் செய்ய முடியாத இடத்தில் நான் சுவிட்சை வைத்திருந்தேன்.

இது எனக்குத் தெரிந்த பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நீ போன் செய்தாய். உன் அம்மா அழுகையில் தன் நிலையில் இல்லை. "நீ அனுப்புன வெளிச்சந்தான்டா எம்பிள்ளையக் கொன்னுச்சு" என்று உன்னிடம் கத்தினாள். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். போனை வாங்கி, உன் அம்மாவைப் பார்த்து, அப்படி இல்லை செபமாலை, என் கைதான் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதோடு நீ போனை வைத்துவிட்டாய்.

போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படித்தான். இந்த லைட்டை வண்டியில் பொருத்தியது யார் என்று மலையாளத்தில் கேட்டார்கள். என் இளைய மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனாலும் எழுதிக்கொண்டார்கள். இருபத்தொன்பது வயசுப் பிள்ளையைக் குழிக்குள் வைத்த கை ஈரம் காயுமுன்னே, மிச்சம் இருக்கிற பிள்ளையின் தலையில் பழியைத் தூக்கி வைத்தேன். பயம்தான் காரணம் என்று சொன்னால் பாதி உண்மை. இத்தனை வருஷம் இந்த ஊரில் ஒயரிங் என்றால் அமிர்தநாதன் என்று பேர் வாங்கியிருக்கிறேனே, அந்தப் பேர் போய்விடுமே என்பது மீதிப் பாதி. இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

போன வாரம் ஸ்டேஷன் முற்றத்தில் ஜீப்பைப் போய்ப் பார்த்தேன். கூரை நசுங்கி, உன் லைட் கண்ணாடி எல்லாம் உதிர்ந்து கிடந்தது. டிரைவர் சீட் பக்கம் மட்டும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கையை விட்டுத் தடவினேன். சுவிட்ச் அணைந்த நிலையில் இருந்தது. வேறு எதையாவது எடுக்கக் குனிந்திருப்பான் என்று அதுவரை எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் அங்கேயே முடிந்தது.

ஊரில் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லாம் விதி என்கிறார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்கிறார் பூசைக்கு உதவி செய்யும் கோயில் பிள்ளை. எனக்கு எரிச்சல்தான் வருகிறது. யானை தானாகச் சறுக்கவில்லை, யானை நடக்கிற வழியில் எண்ணெய் ஊற்றினவன் வேறு ஆள். இந்த இரண்டு வாரத்தில் வேறு ஒரு காரியமும் செய்யவில்லை. நான் சுவிட்ச் வைத்துக் கொடுத்த ஜீப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய் எல்லாச் சுவிட்சையும் கைக்கு எட்டும்படி வெளியே எடுத்து வைக்கிறேன். ஒன்பது முடிந்தது. என்ன அண்ணாச்சி, செக்கிங்கில் மாட்டிவிடவா என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். மாட்டினால் மாட்டு, உயிரோடு மாட்டு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நேற்று சாயங்காலம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அண்ணி சிஞ்சுவும் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். உன் அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. பிறகு, "எங்கிட்டச் சொன்னத அப்பிடியே அவனுக்கு எழுதுங்க. ஒண்ணையும் மறைக்காதீங்க" என்றாள். அதற்கப்புறம் இந்த நேரம்வரை என்னோடு ஒரு வார்த்தை இல்லை. இன்று கோயிலுக்கும் தனியாகத்தான் போனாள்.

நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போய், பொருத்தியது நான், சுவிட்சை ஒளித்து வைத்ததும் நான் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். என்ன செய்தாலும் செய்யட்டும். உன் பேர் அந்தக் காகிதத்தில் இருக்கக்கூடாது.

நீ அனுப்பினது வெளிச்சம், ஜிபின். அண்ணன் கஷ்டப்படுகிறானே என்று நினைத்து அனுப்பினாய். அதைத் தவிர உன்மேல் ஒரு தூசும் இல்லை. கோபப்படு, என்மேல் படு. எனக்கு இனி அப்பனே இல்லை என்று சொல்லு, கேட்டுக்கொள்கிறேன். டிசம்பர் மூன்றாம் தேதி முப்பதாம் நாள் பூசை. லீவு கேட்டு வா. வந்து ஊர் முன்னால் என்னை என்ன கேட்கவேண்டுமோ கேள். ஆனால் உன்னை நீ தண்டித்துக்கொள்ளாதே. ஒரு பிள்ளையை என் கையால் கொடுத்தேன். இன்னொரு பிள்ளையை வாயை மூடிக்கொண்டு கொடுக்க என்னால் ஆகாது.

இந்தக் கடிதத்தை எங்கே நின்று படிக்கிறாயோ தெரியாது. மாடியில் நின்று படித்தால், தயவுசெய்து கீழே இறங்கி வந்துவிடு ஐயா. இக்பால் பக்கத்தில் போய் உட்கார். அவனிடம் எதையும் சொல்லவேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

உன் மன்னிப்பைக் கேட்கும் தகுதிகூட இல்லாத
அப்பா,
அமிர்தநாதன்.

ஐயா ஜிபினு, அம்மா எழுதுறேன். உங்கப்பா எழுதினது பூராவும் வாசிச்சுப் பாத்தேன். எல்லாம் நெசந்தான். அன்னைக்கு உன்ன நான் பேசினது பாவம், சாமியார்கிட்டச் சொல்லி அழுதேன். உங்கப்பாவ மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரல. நீ என்ன மன்னிச்சிருய்யா. எனக்குன்னு இப்ப நீ ஒருத்தன்தான் இருக்க. நீ இருக்கணும்.